சிவாஜி கணேசன் படங்கள்: புதிதாகப் பார்க்க உட்காருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

விடுமுறைக்கு வரும் அண்ணன் பிள்ளைகள், அக்கா பிள்ளைகள், அவர்களோடு ஒட்டிக்கொண்டு வரும் நண்பர்கள் என்று பல வருடமாக என்னிடம் கேட்ட கேள்விகள் இவை. எல்லாம் 1990க்குப் பிறகு பிறந்தவர்கள். அவர்களுக்கு சிவாஜி என்றால் 'படையப்பா'வில் வரும் அப்பா, இல்லாவிட்டால் மிமிக்ரி மேடையில் தொண்டை கிழியக் கத்தும் ஒரு குரல். நான் டூரிங் டாக்கீஸ் மணலில் உட்கார்ந்து பார்த்து வளர்ந்தவன். என் பதில்களில் சாய்வு இருக்கும், மறைக்கவில்லை.

280 படங்களுக்கு மேல் இருக்கிறதே, எதில் ஆரம்பிப்பது?

'வீரபாண்டிய கட்டபொம்ம'னில் ஆரம்பிக்க வேண்டாம். வீட்டுப் பெரியவர்கள் முதலில் அதைத்தான் போட்டுக் காட்டுவார்கள். பிள்ளைகள் பாதியில் எழுந்து போய்விடும்.

பின்னாலிருந்து முன்னால் வாருங்கள். முதலில் 'முதல் மரியாதை' (1985). அப்புறம் 'கௌரவம்' (1973), 'தில்லானா மோகனாம்பாள்' (1968), 'பாசமலர்' (1961). கடைசியாக 'பராசக்தி' (1952). ஆற்றில் இறங்கும்போது ஓரத்தில் கால் வைத்து ஆழம் பார்த்து இறங்குகிறோம் இல்லையா, அந்த மாதிரி. இந்த வரிசையில் வந்தால், வசனத்தின் சத்தம் படத்துக்குப் படம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடுவது தெரியும். பராசக்தி கோர்ட் காட்சிக்கு வந்து சேரும்போது காது பழகியிருக்கும்.

நேராகவே கேட்கிறேன். அது மிகை நடிப்புதானே?

சில படங்களில் ஆமாம். அதில் சண்டை போட எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் 'சிவாஜி என்றாலே மிகை' என்று சொல்கிறவர்களில் பாதிப் பேர் ஐந்து நிமிடத் துண்டுக் காட்சிகளைத் தவிர எதையும் பார்த்ததில்லை.

அவர் எங்கிருந்து வந்தார் என்று பாருங்கள். பள்ளிக்கூடத்தில் உட்கார வேண்டிய வயதில் யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் நாடகக் குழுவில் சேர்ந்தவர். பாய்ஸ் கம்பெனி வாழ்க்கை, அதாவது பையன்களை வைத்தே நாடகம் போடும் குழு. பெண் வேடமும் போட்டிருக்கிறார். அந்தக் கொட்டகைகளில் கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் சொல் போய்ச் சேர வேண்டும், முகத்தில் என்ன ஓடுகிறது என்பதும் தெரிய வேண்டும். அண்ணா எழுதிய நாடகத்தில் மராட்டிய மன்னன் சிவாஜியாக நடித்ததைப் பார்த்துப் பெரியார் வைத்த பெயர்தான் வி.சி. கணேசனோடு ஒட்டிக்கொண்டது. பட்டமே மேடையில் கிடைத்தது என்னும்போது மேடை அவரை விட்டுப் போகுமா?

இரண்டாவது, அவர் வாயில் வந்த தமிழ். 1950களில் கருணாநிதியும் சக்தி கிருஷ்ணசாமியும் எழுதிய வசனங்களை இன்றைய சினிமாக் குரலில், உதடு அசையாமல் முணுமுணுத்துப் பாருங்கள். இரண்டாவது வரியிலேயே படுத்துவிடும். அடுக்குமொழிக்கு ஏற்ற இறக்கம் வேண்டும். அந்த எழுத்து கேட்டதை அவர் கொடுத்தார்.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். எந்தப் படத்துக்கு எவ்வளவு என்ற அளவு அவருக்குத் தெரியும். 1964ஆம் வருடம் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பொங்கலுக்கு 'கர்ணன்'. புராணப் படம், கவசம், கிரீடம், குரல் வானத்துக்கும் பூமிக்கும் போகிறது. செப்டம்பரில் 'புதிய பறவை'. அதே மனிதர் இங்கே கோட் சூட் போட்ட பணக்கார கோபால். பாதிப் படம் வரைக்கும் குரலை உயர்த்துவதே இல்லை. ரயில் போகும் இடங்களில் அவர் முகத்தைப் பாருங்கள். ஒரு நொடி இறுகும், பிறகு ஒன்றும் நடக்காத மாதிரி பேச்சைத் தொடர முயல்வார். ஏன் என்பது பிற்பாடுதான் தெரியும். தீபாவளிக்கு 'நவராத்திரி', அதில் ஒன்பது ஆள். ஒரே வருடத்தில் இவ்வளவு சுருதி மாற்றியவரை 'எப்போதும் கத்துவார்' என்று சொன்னால் எப்படி?

'பராசக்தி'தான் முதல் படமா? அதற்கு ஏன் இவ்வளவு ஆர்ப்பாட்டம்?

வெளியானதில் முதல் படம் அதுதான். 1952 அக்டோபர் 17, தீபாவளி. அதற்கு முன்பே நடிகை அஞ்சலிதேவி தன் சொந்தப் படத்துக்கு அவரை ஒப்பந்தம் செய்திருந்தார். ஆனால் பராசக்தி முந்திக்கொண்டது.

இந்த ஒல்லிப் பையன் வேண்டாம், வேறு ஆளைப் போடலாம் என்று ஸ்டுடியோ பக்கம் பேச்சு வந்ததாகவும், தயாரிப்பாளர் பி.ஏ. பெருமாள் முதலியார் பிடிவாதமாக நின்று காப்பாற்றியதாகவும் சொல்வார்கள். அந்த நன்றியை சிவாஜி கடைசி வரை மறக்கவில்லை. பொங்கல்தோறும் வேலூருக்குப் போய் முதலியாரைப் பார்த்துச் சீர் வைத்துவிட்டு வருவார் என்பது சினிமாக்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்த செய்தி. கேமராவுக்கு முன்னால் அவர் பேசிய முதல் சொல் 'சக்சஸ்'. அந்த இடத்தில் ஏவிஎம் ஸ்டுடியோவுக்குள் ஒரு நினைவுச் சின்னமே வைத்திருக்கிறார்கள்.

ஆர்ப்பாட்டத்துக்குக் காரணம் கதை மட்டுமில்லை. போர்க்காலத்தில் ரங்கூனிலிருந்து திரும்பி வந்து, எல்லாவற்றையும் பறிகொடுத்து, பைத்தியக்காரன் போலத் தெருவில் திரியும் குணசேகரன். அதுவரை தமிழ்ப் படத்துக் கதாநாயகன் பாட வேண்டும். இவன் பேசினான். ஒரே படத்தில் பாட்டுக்காரக் கதாநாயகர்களின் காலம் ஆட்டம் கண்டது. கோர்ட் காட்சி வசனம் தனிப் புத்தகமாகவும், பிறகு இசைத்தட்டாகவும் ஊர் ஊராகப் போயிற்று. எங்கள் ஊர் சலூன்காரர் ஒருவர் சவரக்கத்தியைத் தீட்டிக்கொண்டே அந்த வசனத்தை முழுசாகச் சொல்வார். நாற்காலியில் உட்கார்ந்திருப்பவன் நிலைமையை யோசித்துப் பாருங்கள்.

நாயகனாக இருந்துகொண்டே கெட்டவனாக நடித்தாரா?

இந்தக் கேள்வியைக் கேட்டால் எனக்குச் சந்தோஷம். இதைத்தான் எல்லாரும் மறந்துவிட்டார்கள்.

முதல் படத்தில் உச்சிக்குப் போன ஒருவர் அடுத்தடுத்த வருடங்களில் என்ன செய்வார்? நல்லவன் வேடத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வார். சிவாஜி 1953இல் 'திரும்பிப் பா'ரில் பரந்தாமன் என்ற பெண்பித்தன். 1954இல் 'கூண்டுக்கிளி', நண்பன் மனைவிமேல் ஆசைப்படும் ஜீவா. அந்த நண்பன் எம்.ஜி.ஆர்.! இருவரும் சேர்ந்து நடித்த ஒரே படம் அது. அதில் இழிவான பக்கத்தை எடுத்துக்கொண்டவர் சிவாஜி. 1956இல் அண்ணாவின் நாவலைப் படமாக்கிய 'ரங்கோன் ராதா'. மனைவி நல்ல புத்தியோடு இருக்கும்போதே அவளுக்குப் பைத்தியம் என்று ஊரை நம்பவைக்கும் தர்மலிங்க முதலியார். எதிரே பானுமதி. அந்தப் படத்தில் அவர் சிரிக்கும் சிரிப்பு இன்றைக்கும் வயிற்றைக் கலக்கும்.

'அந்த நாள்' (1954) இவற்றுக்கெல்லாம் மேலே. வீணை எஸ். பாலசந்தர் இயக்கிய படம், ஏவிஎம் தயாரிப்பு. பாட்டே கிடையாது. 1954இல் பாட்டில்லாத தமிழ்ப் படம்! படம் தொடங்கியதும் துப்பாக்கிச் சத்தம், சிவாஜி தள்ளாடி விழுந்து இறந்துபோகிறார். கதாநாயகன் முதல் நிமிடத்திலேயே காலி. 1943இல் ஜப்பான் விமானம் சென்னையில் குண்டு போட்டதை ஒட்டிய கதை. செத்துப்போன ராஜன் ஒரு ரேடியோ இன்ஜினியர். போலீஸ் விசாரிக்க விசாரிக்க, பக்கத்து வீட்டுக்காரர், தம்பி, தம்பி மனைவி, ஆசை நாயகி, மனைவி என்று ஒவ்வொருவர் வாயிலும் வேறொரு ராஜன் வருகிறான்.

நடிப்பு சொல்லிக்கொடுக்கிறவர்கள் இந்தப் படத்தைத்தான் முதலில் போட வேண்டும். தம்பியின் நினைவில் வரும் ராஜன் உடம்பு விறைத்துக் கறாராக நிற்பான். ஆசை நாயகியின் நினைவில் அதே உடம்பு தளர்ந்து சோபாவில் சாயும். வேடம் மாறவில்லை, ஒட்டு மீசை, விக் எதுவும் இல்லை. பார்க்கிறவர் மாறினால் பார்க்கப்படுகிறவனும் கொஞ்சம் மாறுகிறான். இதை ஒரு 25 வயதுப் பையன் செய்திருக்கிறான்.

பாட்டில்லை என்று ரசிகர்கள் கோபப்பட்டார்கள், படம் ஓடவில்லை. அதற்காக ராஜனை நல்லவனாக்கி முடிவை மாற்றவும் இல்லை. தேசத்துரோகி தேசத்துரோகிதான்.

ஏன் எந்தப் படத்தைப் போட்டாலும் அழுகிறார்?

நீங்கள் பார்த்தது பீம்சிங் படங்களாக இருக்கும். 'பா' வரிசை என்று சொல்வோம்: பாகப்பிரிவினை, படிக்காத மேதை, பாவமன்னிப்பு, பாசமலர், பாலும் பழமும், பார்த்தால் பசி தீரும். 1959இலிருந்து 62க்குள் இவை அத்தனையும். கூட்டுக் குடும்பம் உடைந்துகொண்டிருந்த காலம். வீட்டுக்கு வீடு நடந்ததைத் திரையில் பார்த்தபோது பெண்கள் முந்தானையை நனைத்துக்கொண்டு வந்தார்கள். அழுகை அந்தப் படங்களின் சரக்கு.

ஆனால் அந்த அழுகைக்குள்ளும் கையைப் பாருங்கள். 'பாகப்பிரிவினை'யில் கண்ணையன் சிறு வயதில் மின்சாரம் தாக்கி ஒரு கையும் காலும் விளங்காமல் போனவன். படம் முழுக்க அந்தக் கை மடங்கியே இருக்கும். சண்டையில், பாட்டில், சரோஜாதேவியோடு பேசும்போது, எங்கேயும் மறந்து ஒரு தடவை நீட்டிவிட மாட்டார். நான் வேண்டுமென்றே மூன்று தடவை கையை மட்டும் பார்த்தேன்.

'பாசமலர்' கடைசிக் காட்சியைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. தொழிலாளியாக இருந்து முதலாளியாகி, தங்கைக்காக எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்த ராஜு, கண்பார்வை போய்த் தங்கையைத் தேடி வருகிறார். சாவித்திரி எதிரே. அந்த இடத்தில் அவர் வாயிலிருந்து வருவது குழந்தைகளுக்குச் சொல்லும் 'கைவீசம்மா கைவீசு'. பெரிய வசனம் எழுதிக் கைதட்டல் வாங்கியிருக்கலாம். எழுதியவர் ஆரூர்தாஸ், அவருக்கு வசனத்துக்கா பஞ்சம்? வளர்ந்து, கல்யாணமாகி, குழந்தை பெற்ற தங்கையை அண்ணன் மறுபடி மடியில் வைத்த பிள்ளையாக்கிவிடுகிறான். சாவித்திரியும் அங்கே அவருக்குச் சளைத்தவர் இல்லை. நான் பார்த்த கொட்டகையில் அந்த நேரத்துக்கு முறுக்கு விற்கிற பையன்கூட நின்றுவிடுவான்.

கட்டபொம்மன், வ.உ.சி. இரண்டில் எது நிஜத்துக்குப் பக்கம்?

இரண்டையும் இயக்கியவர் பி.ஆர். பந்துலு. 1959இலும் 1961இலும் வந்தவை. கட்டபொம்மன் முதலில் சிவாஜி நாடக மன்றத்தின் நாடகம். சிறு வயதில் பார்த்த கட்டபொம்மன் கூத்துதான் தன்னை நடிப்புப் பக்கம் இழுத்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். அதனால் அந்தப் படத்தில் இருப்பது ஊர்க் கூத்தின் ராஜா. வரி கேட்கும் ஜாக்சனிடம் அவர் பேசுவதை வரலாறாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கும்மியடித்துப் பாடி வளர்ந்த கதைப்பாட்டு வீரன் திரையில் எழுந்து வந்தான் என்று பார்க்க வேண்டும். 1960இல் கெய்ரோவில் நடந்த ஆசிய ஆப்பிரிக்கப் படவிழாவில் சிறந்த நடிகர் விருது கிடைத்தது இதற்குத்தான். கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட கயத்தாற்றில் சிலை வைத்தவரும் அவர்தான்.

'கப்பலோட்டிய தமிழன்' வேறு ரகம். ம.பொ.சி. எழுதிய வரலாற்றை அடியொற்றியது. வ.உ.சி.யின் மகனே படத்தைப் பார்த்துத் தன் தகப்பனாரை நேரில் பார்த்த மாதிரி இருந்தது என்று சொன்னாராம். அதைவிடப் பெரிய விருது தனக்கு இல்லை என்று சிவாஜி சொல்வது வழக்கம். வசூலில் படம் கப்பலோடு மூழ்கியது, அது வேறு கதை.

'நவராத்திரி'யில் ஒன்பது வேடம், 'தெய்வமக'னில் மூன்று. இதெல்லாம் வித்தை காட்டுவதில்லையா?

'நவராத்திரி' கொஞ்சம் வித்தைதான். நூறாவது படம், ஏ.பி. நாகராஜன் இயக்கம், ஒன்பது சுவைக்கு ஒன்பது ஆள். எல்லா ஆளும் ஒரே தரம் இல்லை. குடிகாரனும் தொழுநோயாளியும் எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. தெருக்கூத்து வாத்தியாராக வருகிறாரே, அங்கே எழுந்து உட்காருவேன். சத்தியவான் சாவித்திரி கூத்து. ஆள் வராததால் வேடம் கட்டி நிற்பவர் நடிகை சாவித்திரி. சிவாஜி அடி வைக்கும் விதம், வரியை இழுத்துப் பின்பாட்டுக்காரரிடம் விடும் விதம், நடுவில் கூட்டத்தை ஒரு பார்வை பார்ப்பது, எல்லாம் கூத்தைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவனுக்குத்தான் வரும். இன்னொன்று சொன்னால் அடிக்க வருவார்கள்: ஒன்பது பேரையும் சந்தித்துத் தாங்கிப் பிடிப்பவர் சாவித்திரி. நவராத்திரி என்னைக் கேட்டால் அவர் படம்.

'தெய்வமகன்' (1969) வித்தையைத் தாண்டிவிட்டது. முகத்தில் தழும்போடு பிறந்து, அதனாலேயே தன் பிள்ளையை வெறுக்கும் தகப்பன், அதே தழும்போடு வளர்ந்த மூத்த மகன் கண்ணன், செல்லமாக வளர்ந்த இளையவன் விஜய். மூவரும் ஒரே சட்டகத்தில் நிற்கும் காட்சியில் முதல் ஐந்து நிமிடத்துக்குப் பிறகு மூன்று பேரும் ஒருவர்தான் என்பது மறந்துபோகும். தகப்பனின் தோளில் பணத்தின் கனம் இருக்கும். கண்ணன் எதிராளியிடம் தழும்பில்லாத கன்னத்தைக் காட்டி நிற்கவே பார்ப்பான். விஜய் ஓரிடத்தில் நிற்க மாட்டான், அவனுடைய சேட்டைகளை இயக்குநர் ஸ்ரீதரைப் பார்த்துப் பிடித்ததாகச் சொல்வதுண்டு. இந்தியாவின் சார்பில் ஆஸ்கருக்கு அனுப்பப்பட்ட முதல் தமிழ்ப் படம் இதுதான்.

பாட்டெல்லாம் அவரே பாடியதா?

இல்லை. டி.எம். சௌந்தரராஜன். 'பராசக்தி' சமயத்தில் சி.எஸ். ஜெயராமன் பாடினார். 1954இல் 'தூக்குத் தூக்கி'யிலிருந்து டி.எம்.எஸ். ஒட்டிக்கொண்டார். கடைசிக் காலத்தில் மலேசியா வாசுதேவன். குழப்பம் வருவதற்குக் காரணம், மூச்சு வாங்குவது, கழுத்து நரம்பு புடைப்பது எல்லாம் பாட்டோடு சரியாக இருக்கும். 'உயர்ந்த மனித'னில் (1968) பழைய சிநேகிதன் மேஜர் சுந்தரராஜனோடு கைத்தடியை வீசிக்கொண்டு நடக்கும் பாட்டைப் பாருங்கள். ஓடிக் களைத்து மூச்சிரைப்பதுகூடப் பாட்டுக்குள் வரும். எங்கே டி.எம்.எஸ். முடிந்து எங்கே சிவாஜி தொடங்குகிறார் என்று பிரிக்க முடியாது.

'தில்லானா மோகனாம்பா'ளில் நாதஸ்வரம்?

வாசித்தவர்கள் மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். சிவாஜி அவர்களைக் கூட வைத்துப் பார்த்துப் பார்த்துப் பழகியவர். விரல் துளையை மூடும் இடம், ஊதும் முனையான சீவாளியை உதட்டில் வைப்பதற்கு முன் ஈரம் பண்ணுவது, கன்னம் உப்புவது எல்லாம் மேளக்காரர்களே தலையாட்டும்படி இருக்கும்.

எனக்கு அதைவிட 'நலந்தானா' பாட்டுதான் பெரிது. கையில் காயம்பட்டுத் தேறி வந்து வாசிக்கிறார் சிக்கல் சண்முகசுந்தரம். எதிரே பத்மினி ஆடுகிறார். ஆட்டத்திலேயே உடம்புக்கு எப்படி இருக்கிறது என்று கேட்கிறார். சபை நிறைய ஆட்கள். வசனத்துக்குப் பேர்போன நடிகரின் வாயை நாதஸ்வரத்தை வைத்து அடைத்துவிட்டார்கள்! பதில் சொல்ல வேண்டும், சொல்ல வழியில்லை. மிச்சம் இருப்பது கண் மட்டும். அது நிறைகிறது, வழிந்துவிடாமல் பிடித்துக்கொண்டு பக்கத்தில் தவில் வாசிக்கும் பாலையாவை ஒரு தடவை பார்க்கிறார். பாலையா புரிந்துகொண்டு பார்க்கும் பார்வை தனி. சத்தம் போடாத சிவாஜி வேண்டும் என்பவர்களுக்கு இந்த நாலு நிமிடம் போதும்.

கூட நடிக்கிறவர்களை ஓரங்கட்டிவிடுவார் என்கிறார்களே?

'திருவிளையாட'லில் (1965) தருமி வரும் காட்சியைப் பாருங்கள். நாகேஷ் அந்தக் காட்சியை அப்படியே வாரிக்கொண்டு போகிறார். எதிரே நிற்பவர் படத்தின் சிவபெருமான். அந்தக் காட்சியைக் குறைக்க வேண்டாம் என்று சிவாஜியே சொன்னதாகக் கதை உண்டு. கதை இல்லாமலே படத்தில் அது தெரிகிறது. கேள்வியைக் கேட்டுவிட்டு, நாகேஷ் முடிக்கும் வரை இடம் விட்டு, ஒரு சின்னப் புன்னகையோடு காத்திருப்பார். எம்.ஆர். ராதாவோடு 'பலே பாண்டியா'வில் வரும் 'நீயே உனக்கு என்றும் நிகரானவன்' பாட்டும் அப்படித்தான்.

இளமை இருக்கும்போதே ஏன் கிழவர் வேடம்?

அந்தக் காலத்து நாயகர்கள் யாரும் செய்யத் துணியாத காரியம் இது. 'மோட்டார் சுந்தரம் பிள்ளை' (1966) வந்தபோது அவருக்கு 37 வயது. அதில் பதின்மூன்று பிள்ளைகளுக்குத் தகப்பன், ஜெயலலிதா மகள்களில் ஒருவர். காதல் பாட்டெல்லாம் வேறு ஆளுக்கு.

'வியட்நாம் வீடு' (1970) நாடகமாக மேடையேறிப் பிறகு படமானது. பிரஸ்டீஜ் பத்மநாபன் ரிட்டயர் ஆகிறார். அதுவரை வீடே அவர் சொல்லுக்கு நின்றது, மறுநாளிலிருந்து அவர் வீட்டில் ஒரு மூட்டை. இதை 41 வயதில் நடித்தார். பென்ஷன் வாங்கும் வயதை எட்டுகிறவர்கள் தனியாக உட்கார்ந்து பார்க்காதீர்கள்.

'கௌரவம்' இன்னும் ஒரு படி மேலே. பாரிஸ்டர் ரஜினிகாந்த், நீதிபதி பதவி கிடைக்காத ஆத்திரத்தில், குற்றவாளி என்று தெரிந்தே ஒருவனைக் காப்பாற்றுகிறார். வளர்த்த மகன் கண்ணன் அவரை எதிர்த்து அரசு வக்கீலாக வருகிறான். இரண்டும் சிவாஜி. நியாயம் இளையவன் பக்கம். ஆனால் படம் முடிந்து வெளியே வருகிறவர்கள் நினைவில் நிற்பது பைப்பைப் பல்லில் கடித்துக்கொண்டு, புருவத்தைத் தூக்கி, மனைவியையும் உலகத்தையும் ஒன்றாக அலட்சியம் செய்யும் அந்தக் கிழவர்தான். தோற்றுப்போகிற, தப்புப் பண்ணுகிற, அகங்காரம் பிடித்த ஒருவருக்குத் திரையில் மொத்த கௌரவத்தையும் கொடுத்தார். எம்.ஜி.ஆர். படத்தில் எம்.ஜி.ஆர். தோற்க மாட்டார். சிவாஜி படத்தில் சிவாஜி தோற்பதைப் பார்க்கத்தான் டிக்கெட் வாங்கினோம்.

எழுபதுகளின் கடைசிப் படங்கள்?

தாண்டிப் போங்கள். 'தங்கப்பதக்க'த்தோடு (1974) நிறுத்திக்கொள்ளலாம். அதற்குப் பின் இளம் நாயகிகளோடு பூங்காவில் ஓடும் படங்கள் நிறைய. 1979இல் வந்த 200ஆவது படம் 'திரிசூலம்' வெள்ளமாக ஓடியது, நானும் வரிசையில் நின்று முட்டி மோதிப் பார்த்தேன். இன்று அரை மணி நேரம் தாங்க முடியவில்லை. மிமிக்ரிக்காரர்கள் எடுத்துக்கொண்டது இந்தக் கால சிவாஜியைத்தான். இலங்கை நண்பர்களுக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு: அங்கே எடுத்த 'பைலட் பிரேம்நாத்' (1978) பற்றிப் பேச்செடுத்தால் அதில் நடித்த சிங்கள நடிகை மாலினி பொன்சேகா பெயர் வந்துவிடும், பிறகு இரவு முழுக்க அதே பேச்சு.

'முதல் மரியாதை'யில் அப்படி என்ன?

விக் இல்லை, அரிதாரம் இல்லாத மாதிரி முகம், நரைத்த முடி, வேட்டி, துண்டு. பாரதிராஜா அவரிடம் நடிக்க வேண்டாம், இருந்தால் போதும் என்ற ரீதியில் சொன்னதாகப் பேச்சு. மலைச்சாமி ஊரில் மதிப்புள்ள மனிதர். வீட்டில் வடிவுக்கரசியின் வாய்க்குப் பயந்து சோற்றைக்கூட நிம்மதியாகச் சாப்பிட முடியாதவர்.

ராதா வீட்டில் மீன் சாப்பிடும் காட்சியைப் பாருங்கள். வசனத்தை விடுங்கள். சாப்பிடுகிறவன் எத்தனை வருடமாக ருசியாகச் சாப்பிடவில்லை என்பது அந்த விரல்களில் தெரியும். முள்ளை எடுத்து ஓரத்தில் வைத்துவிட்டு நிமிர்ந்து பார்க்கும்போது ஒரு கூச்சம் வருமே, அறுபதை நெருங்கும் ஆளின் கூச்சம். முப்பது வருடமாக ராஜா, பாரிஸ்டர், சிவபெருமான் என்று நிமிர்ந்து உட்கார்ந்த உடம்பு அங்கே சம்மணம் போட்டுக் குறுகி உட்கார்ந்திருக்கும்.

'தேவர் மக'னில் (1992) இன்னும் குறைத்துக்கொண்டார். மகன் கமல் ஊரை விட்டுப் போகிறேன் என்று சொல்ல, விதை போடுவதைப் பற்றி அவர் பேசும் காட்சியில் குரல் பெரும்பாலும் தாழ்வாகவே போகும். கோபம் கண்ணில் ஏறி, பிறகு இறங்கி, கெஞ்சலாக மாறுவதை அவர் மறைக்கப் பார்ப்பதும் தெரியும்.

இவ்வளவுக்கும் தேசிய விருது?

சிறந்த நடிகர் விருது ஒரு முறைகூட இல்லை. 'தேவர் மக'னுக்குச் சிறப்பு விருது என்று ஒன்று கொடுத்தார்கள். பிரெஞ்சு அரசு 1995இல் செவாலியே கொடுத்த பிறகுதான் தாதாசாகேப் பால்கே வந்தது. இதற்கு மேல் எழுதினால் கை நடுங்கும், விடுங்கள்.

யாரும் பேசாத ஒரு காட்சி சொல்லுங்கள்.

'கப்பலோட்டிய தமிழ'னில் வ.உ.சி. சிறையிலிருந்து வெளியே வருவது. கோயம்புத்தூர் சிறையில் செக்கிழுத்த உடம்பு. உள்ளே போகும்போது ஊரே கொந்தளித்தது. வெளியே வருகிறபோது வரவேற்க ஆளில்லை. நிஜத்திலும் 1912 டிசம்பரில் அப்படித்தான் நடந்தது. ஒரே ஒருவர் காத்திருக்கிறார். தொழுநோயால் உருமாறிப்போன சுப்பிரமணிய சிவா. டி.கே. சண்முகம் அந்த வேடத்தில்.

சிவாஜிக்கு அங்கே பெரிதாக ஒன்றும் செய்ய இல்லை. கதவைத் தாண்டியதும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்க்கிறார். கூட்டத்தை எதிர்பார்த்தவன் பார்க்கும் பார்வைதான் அது. ஆனால் அப்படி எதிர்பார்த்தது அவருக்கே வெட்கமாக இருக்கிறது. எதிரே நிற்பவர் யாரென்று தெரியவில்லை. முகம் தெரியவில்லை, குரலை வைத்துத்தான் அடையாளம் பிடிக்கிறார்.